பக்கத்து எண்ணின் சாட்சியம்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் செம்மையாக்கிய அச்சு வடிவம்)



இன்றைய பொழிவுக்குப் பொருள் ஒரே ஓர் எண். 39 இலக்கம் கொண்டது:

170,141,183,460,469,231,731,687,303,715,884,105,727

சுருக்கி எழுதினால் 2¹²⁷ − 1. சதுரங்கக் கட்டங்களில் ஒன்று, இரண்டு, நான்கு என்று நெல்மணியை இரட்டித்து வைக்கும் கதை எல்லாருக்கும் தெரியும். அந்தப் பலகை 64 கட்டத்தோடு நிற்காமல் 127 கட்டம் வரை நீண்டிருந்தால், மொத்த நெல்மணிகளின் எண்ணிக்கை இதுதான். இந்த எண்ணை 1-ஆலும் இதனாலும் தவிர வேறு எதனாலும் மீதியின்றி வகுக்க முடியாது. 1876-இல் பிரெஞ்சுக் கணிதவியலாளர் எதுவார் லூக்கா இதைப் பகா எண் என்று அறிவித்தார். எந்திரத்தின் துணையில்லாமல் கையால் கணக்கிட்டே கண்டறிந்த பகா எண்களில் இன்றுவரை மிகப் பெரியது இதுதான். 1951 வரை, 75 ஆண்டுகள், உலகுக்குத் தெரிந்த மிகப் பெரிய பகா எண்ணாகவும் இருந்தது.

புதிய பெரிய பகா எண் ஒன்று கிடைத்ததாகச் செய்தி வந்தால் நாளிதழ்கள் இலக்கங்களை எண்ணத் தொடங்கிவிடும். இலக்கங்களை எண்ணுவதால் அந்த எண்ணின் குணம் பிடிபடாது. ஊருக்குப் புதிதாக வந்தவரைப் பற்றி அறிய வேண்டுமானால் பக்கத்து வீட்டில் விசாரிப்போம் அல்லவா? பெரிய பகா எண்களிலும் கணிதவியலாளர் அதையே செய்கிறார்கள். எண்ணை நேரே உடைத்துப் பார்க்காமல், அதைவிட ஒன்று குறைந்த எண்ணையோ ஒன்று கூடிய எண்ணையோ கேட்கிறார்கள். ஒரு பெரிய பகா எண்ணைப் பற்றி உறுதியாகத் தெரிந்தவற்றில் பெரும்பங்கு பக்கத்து எண் தந்த சாட்சியம் என்பதே இப்பொழிவின் கருத்து. அதை ஏழு குறிப்புகளாகப் பிரித்துக்கொள்ளலாம்.

1. பெரிய பகா எண் அரிய எண் அன்று

முதலில் ஒரு தவறான எண்ணத்தை விலக்க வேண்டும். எண்கள் பெரிதாகப் பெரிதாகப் பகா எண்கள் அருகி வருவது உண்மை. ஆனால் மிக மெதுவாகவே அருகுகின்றன. 1896-இல் அதமாரும் தெ லா வலே பூசேனும் தனித்தனியே நிறுவிய பகா எண் தேற்றத்தின்படி, 2¹²⁷ என்ற அளவையொட்டிய எண்களில் ஏறக்குறைய 88-க்கு ஒன்று பகா எண். ஒற்றை எண்களை மட்டும் எடுத்தால் 44-க்கு ஒன்று. அந்த அளவுக்குக் கீழே உள்ள பகா எண்கள் மட்டும் சுமார் 2-ஐ அடுத்து 36 பூஜ்யங்கள் போடும் அளவுக்கு இருக்கின்றன.

ஆகவே 39 இலக்கப் பகா எண்களுக்குப் பஞ்சமே இல்லை. அவற்றில் ஒன்றைச் சுட்டிக்காட்டி, ‘இது பகா எண்தான்’ என்று ஐயத்துக்கு இடமின்றி நிறுவுவதுதான் கடினம். லூக்காவின் எண்ணுக்குப் புகழ் வந்தது இந்த நிரூபணத்தால்.

2. வகுத்துப் பார்த்துத் தீராது

பள்ளியில் கற்ற முறை, எண்ணின் வர்க்கமூலம் வரை ஒவ்வொரு எண்ணாலும் வகுத்துப் பார்ப்பது. நம் எண்ணின் வர்க்கமூலம் சுமார் 1.3 × 10¹⁹. விநாடிக்கு நூறு கோடி முறை வகுக்கும் கணிப்பொறிக்குக்கூட இதற்கு 400 ஆண்டுகளுக்கு மேல் ஆகும்.

எண்ணின் வடிவம் கொஞ்சம் உதவிக்கு வரும். 2-இன் அடுக்கிலிருந்து 1 குறைத்துக் கிடைக்கும் எண்களுக்கு மெர்சென் எண்கள் என்று பெயர். அவற்றில் அடுக்கு ஓர் ஒற்றைப் பகா எண்ணாக இருந்தால், காரணிகள் அந்த அடுக்கின் இரட்டை மடங்கைவிட ஒன்று கூடியவையாகவே இருக்க வேண்டும். அதோடு, அவற்றை 8-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 வர வேண்டும். 2¹¹ − 1 = 2047 = 23 × 89. இங்கே 23 என்பது 22 + 1, 89 என்பது 88 + 1. காரணிகளைத் தேடும் இடத்திலேயே ‘ஒன்று குறைந்த எண்’ தலைகாட்டிவிடுகிறது.

இந்த வடிகட்டிகளையெல்லாம் போட்டு, எஞ்சுகிறவற்றில் பகா எண்களை மட்டும் எடுத்து, நிமிடத்துக்கு ஒரு வகுத்தல் என்று கையால் செய்தாலும் நூறு கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகும். லூக்கா 1842-இல் பிறந்து 1891-இல் மறைந்தவர். அவர் வேறு வழியைப் பிடித்தார்.

வகுக்காமலே தீர்ப்புச் சொல்லும் அந்த வழிக்கு ஒரு வினோத குணம் உண்டு. பகு எண் என்று சொல்லும். காரணி எது என்று சொல்லாது. மரேன் மெர்சென் 1644-இல் வெளியிட்ட பட்டியலில் 67, 127, 257 ஆகிய அடுக்குகள் பகா எண் தருவதாகக் குறித்திருந்தார். 67 தவறு என்று லூக்கா 1876-இலேயே சொல்லிவிட்டார். காரணிகள் மட்டும் கிடைக்கவில்லை. 1903 அக்டோபரில் நியூயார்க்கில் நடந்த அமெரிக்கக் கணிதக் கழகக் கூட்டத்தில் ஃபிராங்க் நெல்சன் கோல் அவற்றை வெளியிட்டார்: 193,707,721 × 761,838,257,287. அவர் ஒரு சொல்லும் பேசாமல் பெருக்கலைக் கரும்பலகையில் எழுதிவிட்டு அமர்ந்ததாகச் சொல்வார்கள்.

3. பக்கத்து எண் எப்படிச் சாட்சி சொல்கிறது?

7 என்ற எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். 3-இன் அடுக்குகளை 7-ஆல் வகுத்து வரும் மீதிகளை எழுதினால் 3, 2, 6, 4, 5, 1 என்று வரும். பிறகு அதே சுற்று. பூஜ்யமல்லாத மீதிகள் ஆறும் வந்துவிட்டன. 9-க்கு 2-இன் அடுக்குகளை வைத்து இதையே செய்தால் 2, 4, 8, 7, 5, 1. எட்டு மீதிகளில் ஆறுதான் வருகின்றன. 3-உம் 6-உம் வருவதே இல்லை, ஏனெனில் 9-க்கு 3 ஒரு காரணி.

பகு எண்ணுக்கு எந்த எண்ணின் அடுக்குகளை எடுத்தாலும் சுற்று முழு நீளம் ஓடாது. சுற்றின் நீளம் எண்ணைவிடச் சரியாக ஒன்று குறைந்திருந்தால் அந்த எண் பகா எண். நீளத்தைச் சரிபார்க்கச் சுற்று முழுவதையும் ஓடத் தேவையில்லை. முழு நீளத்தில் மீதி 1 வருகிறதா என்று பார்க்க வேண்டும்; பிறகு அந்த நீளத்தை அதன் ஒவ்வொரு பகாக் காரணியாலும் வகுத்துக் கிடைக்கும் இடங்களில் 1 வராமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இதற்குத் தேவை ஒன்றுதான்: ஒன்று குறைந்த எண்ணின் பகாக் காரணிகள் தெரிந்திருக்க வேண்டும். விசாரிக்கப்படும் எண் வாய் திறக்காவிட்டாலும் பக்கத்து எண் திறந்த புத்தகமாக இருந்தால் போதும்.

4. லூக்கா மறுபக்கத்து வீட்டைத் தட்டினார்

2¹²⁷ − 1-ஐவிட ஒன்று கூடிய எண் 2¹²⁷. இதைவிட எளிதாகக் காரணிப்படுத்தக்கூடிய எண் இருக்க முடியாது. 2 என்ற ஒரே பகாக் காரணிதான். ஆனால் அடுக்குகளின் சுற்று கேட்பது ஒன்று குறைந்த எண்ணை. ஒன்று கூடிய எண்ணைப் பேசவைக்க வேறொரு தொடர் வேண்டும். லூக்கா எடுத்தது 1, 1, 2, 3, 5, 8, 13, 21 என்று போகும் பிபனாச்சித் தொடர். அதற்கு அந்தப் பெயரை வழங்கியவரும் அவர்தான்.

5-ஆல் வகுத்தால் மீதி 2 அல்லது 3 வரும் ஒற்றைப் பகா எண் ஒவ்வொன்றும், தன்னைவிட ஒன்று கூடிய இடத்தில் இருக்கும் பிபனாச்சி எண்ணை மீதியின்றி வகுக்கும். 7-ஐப் பாருங்கள்: எட்டாவது பிபனாச்சி எண் 21. நம் 39 இலக்க எண்ணை 5-ஆல் வகுத்தால் மீதி 2. எனவே அது பகா எண்ணாக இருந்தால் 2¹²⁷-ஆம் இடத்துப் பிபனாச்சி எண்ணை வகுத்தாக வேண்டும். அதோடு, பாதித் தூரமான 2¹²⁶-ஆம் இடத்துப் பிபனாச்சி எண்ணோடு அதற்குப் பொதுக் காரணி எதுவும் இல்லை என்பதும் தெரிந்துவிட்டால் நிரூபணம் முடிந்தது. காரணி ஒன்று இருந்திருந்தால், அதுவும் 2¹²⁷-ஆம் இடத்தில்தான் முதன்முதலாக வகுத்திருக்கும். வர்க்கமூலத்தைத் தாண்டாத சிறிய பகாக் காரணிக்கு அவ்வளவு தூரம் கிடையாது. அது தன்னைவிட ஒன்று கூடிய இடத்துக்குள்ளேயே வகுத்துவிட வேண்டும்.

2¹²⁷-ஆம் பிபனாச்சி எண்ணை யாராலும் எழுத முடியாது. எழுத வேண்டியதும் இல்லை. 3-இல் தொடங்கி, ஒவ்வொரு முறையும் வர்க்கம் கண்டு 2 கழித்தால் 3, 7, 47, 2207 என்று ஒரு தொடர் வரும். இது பிபனாச்சித் தொடரின் பாதையை இரட்டித்து இரட்டித்துத் தாவுகிறது. ஒவ்வொரு தாவலிலும் மீதியை மட்டும் வைத்துக்கொண்டால் எண் 39 இலக்கத்தை மீறாது. உரிய உறுப்பில் மீதி பூஜ்யமானால் மேற்சொன்ன இரண்டு நிபந்தனைகளும் ஒருங்கே நிறைவேறிவிடும்.

சிறிய மாதிரியாக 2⁷ − 1 = 127-ஐச் சோதிக்கலாம். 3, 7, 47 என்று வருகிறது. அடுத்தது 2207, 127-ஆல் வகுத்தால் மீதி 48. 48-இன் வர்க்கத்தில் 2 கழித்தால் 2302, மீதி 16. 16-இன் வர்க்கத்தில் 2 கழித்தால் 254, அதாவது 127-இன் இரு மடங்கு, மீதி பூஜ்யம். ஆறாம் உறுப்பில் பூஜ்யம் வந்துவிட்டது. 127 பகா எண். இங்கே ஐந்து முறை வர்க்கம் கண்டோம். 2¹²⁷ − 1-க்கு 125 முறை காண வேண்டும்.

125 பெருக்கல்கள், ஒவ்வொன்றும் 39 இலக்கத்தை 39 இலக்கத்தால் பெருக்குவது, பெருக்கிய பின் ஒரு வகுத்தல். லூக்கா விவரித்த முறை இந்த உழைப்பையும் குறைத்தது. இரும எண் முறையில் 2¹²⁷ − 1 என்பது 127 ஒன்றுகளின் வரிசை. இந்த எண்ணால் வகுத்தால் 2¹²⁷-க்கு மீதி 1. ஆகவே 127 இடத்தைத் தாண்டும் எதையும் வெட்டி, முதல் இடத்திலிருந்து மீண்டும் கூட்டிவிடலாம், வகுத்தலே தேவையில்லை. 127-க்கு 127 கட்டங்கள் கொண்ட சதுரங்கப் பலகை போன்ற ஒன்றில் காய்களை வைத்து நகர்த்தினாலே வர்க்கம் கிடைத்துவிடும். ஹனோய் கோபுரம் என்ற வட்டு விளையாட்டை 1883-இல் வெளியிட்டவரும் இதே லூக்காதான். அந்த விளையாட்டிலும் வட்டுகளின் எண்ணிக்கையை அடுக்காகக் கொண்ட 2-இன் அடுக்கில் ஒன்று குறைத்தால், குறைந்தபட்ச நகர்த்தல்களின் எண்ணிக்கை வந்துவிடும்.

இச்சோதனையை எல்லா ஒற்றைப் பகா அடுக்குகளுக்கும் பொருந்தும்படி, 3-க்குப் பதில் 4-இல் தொடங்கி, 1930-இல் செப்பம் செய்தவர் அமெரிக்கரான டி. எச். லெமர். லூக்கா–லெமர் சோதனை என்று இன்று நாம் சொல்வது அதைத்தான்.

5. சாட்சி பெற்ற எண் சாட்சி சொல்லத் தொடங்கியது

2¹²⁷ − 1-இன் இன்னொரு பக்கமும் திறந்தே இருக்கிறது. அதைவிட ஒன்று குறைந்த எண்ணின் முழுக் காரணிப்படுத்தல் இது: 2 × 3³ × 7² × 19 × 43 × 73 × 127 × 337 × 5419 × 92737 × 649657 × 77158673929. இரு பக்கத்து எண்களும் முழுதாகத் தெரிந்திருப்பதால், எந்தப் பக்கம் விசாரித்தாலும் இதைப் பகா எண் என்று நிறுவலாம்.

1951-இல் இந்த எண்ணின் முதலிடம் பறிபோனது. முதலில் ஃபெரியே என்பவர் மேசைக் கணக்கிடும் எந்திரத்தின் துணையோடு 44 இலக்கப் பகா எண் ஒன்றை நிறுவினார். அது 2¹⁴⁸ + 1-ஐ 17-ஆல் வகுத்தால் கிடைப்பது. அதே ஆண்டில் கேம்பிரிட்ஜின் எட்சாக் கணிப்பொறியில் மில்லரும் வீலரும் 79 இலக்க எண் ஒன்றைக் கண்டார்கள். அதன் வடிவத்தைக் கவனியுங்கள்: 2¹²⁷ − 1-ஐ வர்க்கமாக்கி, 180-ஆல் பெருக்கி, 1 கூட்டியது.

ஏன் அந்த வடிவம்? அதைவிட ஒன்று குறைந்த எண்ணின் காரணிகள் தெரிய வேண்டும். அந்தக் காரணிகளில் பெரியது பகா எண் என்பதும் உறுதியாக வேண்டும். அந்த உறுதியை லூக்காவின் எண் கொடுத்தது. தன்னைத் தோற்கடித்த எண்ணுக்குத் தானே சாட்சியாக நின்றது.

1952 ஜனவரி 30 அன்று ஆட்டம் மீண்டும் மெர்சென் எண்கள் பக்கம் திரும்பியது. பெர்க்லியின் ரஃபேல் ராபின்சன், லாஸ் ஏஞ்சலஸிலிருந்த ஸ்வாக் கணிப்பொறிக்கு அதன் கையேட்டை வைத்தே லூக்கா–லெமர் சோதனையின் நிரலை எழுதி அனுப்பியிருந்தார். அது அன்று ஒரே நாளில் 2⁵²¹ − 1, 2⁶⁰⁷ − 1 ஆகிய இரண்டையும் பகா எண்கள் என்று காட்டியது. 157, 183 இலக்கங்கள். இயந்திரம் மாறியது; விசாரிப்பு லூக்கா தட்டிய அதே வீட்டில்தான்.

6. புழக்கத்தில் இந்த எண்

‘வங்கிப் பரிமாற்றத்தைக் காப்பது பெரிய பகா எண்’ என்ற வாக்கியம் அடிக்கடி காதில் விழுகிறது. அதில் பாதிதான் உண்மை. ஆர்எஸ்ஏ என்ற குறியாக்க முறைக்கு வேண்டியவை பிறர் அறியாத பகா எண்கள். வழக்கமான 2048 பிட் சாவிக்கு ஒவ்வொன்றும் 300 இலக்கத்துக்கு மேற்பட்ட இரண்டு எண்கள். உலகம் முழுவதற்கும் தெரிந்த 2¹²⁷ − 1 அங்கே பயன்படாது.

எல்லாருக்கும் தெரிந்திருந்தாலும் கெடாத இடம் ஒன்று உண்டு. நீள்வட்ட வளைவரைக் குறியாக்கத்தில் கணக்கு நடக்கும் அரங்கமே ஒரு பகா எண்ணின் மீதிகளால் ஆனது. அந்தப் பகா எண் வெளிப்படையானது. 2015-இல் மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தின் கிரெய்க் காஸ்டெல்லோவும் பாட்ரிக் லோங்காவும் முன்வைத்த ஃபோர்க்யூ என்ற வளைவரை, 2¹²⁷ − 1-இன் மேல் கட்டிய இருபடிக் களத்தில் இயங்குகிறது. இந்த எண்ணைத் தேர்ந்ததற்கு ஒரு காரணம் வேகம். பெருக்கி வந்த 254 பிட்டை இரு துண்டாக வெட்டிக் கூட்டினால் மீதி கிடைத்துவிடுகிறது. லூக்கா பலகையில் காய்களை மடித்து வைத்த அதே வேலையை இப்போது செயலி செய்கிறது.

2¹²⁷ என்ற எண்ணின் பக்கத்திலிருந்தும் இதைப் பார்க்கலாம். 2¹²⁷ உறுப்புகள் கொண்ட முடிவுள்ள களத்தில் பூஜ்யமல்லாதவை 2¹²⁷ − 1. அது பகா எண் என்பதால், அங்கே 0-ஐயும் 1-ஐயும் தவிர எந்த உறுப்பை எடுத்தாலும் அதன் அடுக்குகள் முழுச் சுற்றும் ஓடியே தீரும்; இடையில் நிற்கப் பகாக் காரணி எதுவும் இல்லை. சமவாய்ப்பு எண்களை உருவாக்கும் நிரல்களுக்கு இது பெரிய வசதி. மாட்சுமோட்டோவும் நிஷிமுராவும் 1990-களின் இறுதியில் உருவாக்கிய மெர்சென் டுவிஸ்டர் இதே தத்துவத்தில், இன்னும் பெரிய மெர்சென் பகா எண்ணான 2¹⁹⁹³⁷ − 1-ஐச் சுற்று நீளமாகக் கொண்டது. பல மென்பொருள்களில் பல ஆண்டுகள் இயல்பிருப்பாக இருந்தது அதுதான்.

7. பக்கத்து எண் இல்லாமல் முடியாதா?

முடியும். 2002 ஆகஸ்டில் கான்பூர் ஐஐடியைச் சேர்ந்த மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா ஆகிய மூவரும், எந்த எண்ணையும் அதன் இலக்க எண்ணிக்கையின் ஒரு நிலையான அடுக்குக்குள் அடங்கும் படிகளில் சோதிக்கும் வழியைக் கண்டார்கள். அதற்கு முன்னும் பின்னும் உள்ள எண்களின் தயவு தேவையில்லை. நிரூபிக்கப்படாத கருதுகோள் எதையும் நம்ப வேண்டியதில்லை. கயாலும் சக்சேனாவும் இளநிலைப் படிப்பை அப்போதுதான் முடித்திருந்தார்கள். கட்டுரை 2004-இல் ‘அனல்ஸ் ஆஃப் மேத்தமேட்டிக்ஸ்’ இதழில் வெளிவந்தது.

இப்பொழிவின் கருத்துக்கு இதைவிட வலிய மறுப்பு கிடையாது. கோட்பாட்டில் மறுப்பு சரியே. நடைமுறை வேறு மாதிரி இருக்கிறது. மிகப் பெரிய எண்களுக்கு அந்த முறை மெதுவானது. வடிவம் ஏதுமற்ற பொது எண்களை நிறுவ இன்று வழங்கும் முறை நீள்வட்ட வளைவரை முறை. கோல்ட்வாசரும் கிலியனும் 1986-இல் வைத்த கருத்தை ஆட்கினும் மொரானும் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். அது செய்வது என்ன? ஒன்று குறைந்த எண்ணும் ஒன்று கூடிய எண்ணும் பேசாவிட்டால், வளைவரைகளை மாற்றி மாற்றி எடுத்து, அருகில் உள்ள வேறு எண்களைச் சாட்சிக்கு அழைக்கிறது. வளைவரையின் புள்ளிகளின் எண்ணிக்கை, அந்த எண்ணிலிருந்து அதன் வர்க்கமூலத்தின் ஏறக்குறைய இரு மடங்குக்குள்ளேயே விலகும். அக்கம்பக்கம் என்பது இரண்டு வீட்டிலிருந்து ஒரு தெருவாக விரிந்திருக்கிறது.

அந்த முறையின் எல்லை இன்று ஒரு லட்சம் இலக்கங்களை ஒட்டியே இருக்கிறது. பக்கத்து எண் 2-இன் அடுக்காக இருந்தால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு 2024 அக்டோபர் சான்று. 1996-இல் ஜார்ஜ் வோல்ட்மன் தொடங்கிய ‘ஜிம்ப்ஸ்’ கூட்டுத் தேடலில், லூக் டுரான்ட் கண்டறிந்த 2¹³⁶²⁷⁹⁸⁴¹ − 1-க்கு 4,10,24,320 இலக்கங்கள். அதை உறுதிப்படுத்தியதும் லூக்கா–லெமர் சோதனைதான். தெரிந்த மெர்சென் பகா எண்களில் அது 52-ஆவது. அவை முடிவின்றி இருக்கின்றனவா என்பதற்கு இன்னும் நிரூபணம் இல்லை.

இறுதியாக, இந்தச் சாட்சி முறையே திணறும் ஓர் எண். லூக்காவின் கண்டுபிடிப்பு வெளியானதும் எழேன் காட்டலான் ஒரு வரிசையைக் கவனித்தார்: 2, 3, 7, 127, பிறகு 2¹²⁷ − 1. ஒவ்வொன்றும் 2-க்கு அடுக்காகி, அதில் ஒன்று குறைந்தால் அடுத்தது வருகிறது. ஐந்தும் பகா எண்கள். இதை நம்பி மேலே போகலாமா? 2¹³ − 1 = 8191 பகா எண்தான்; ஆனால் அதை அடுக்காகக் கொண்ட மெர்சென் எண் பகு எண் என்று, எட்சாக்கில் மில்லரோடு பணியாற்றிய அதே வீலர் 1953-இல் இல்லியாக் கணிப்பொறியில் காட்டிவிட்டார். அழகான வரிசைக்கு உத்தரவாதம் கிடையாது.

காட்டலான் வரிசையின் அடுத்த உறுப்புக்கு லூக்காவின் எண்ணே அடுக்கு. அதன் இலக்கங்கள் மட்டும் சுமார் 5 × 10³⁷. ஒன்று கூடிய எண் இங்கும் 2-இன் வெறும் அடுக்குதான். சாட்சி தயாராக நிற்கிறது. ஆனால் சோதனையின் ஒரு படியைக்கூட எழுதிவைக்க உலகிலுள்ள நினைவகம் அனைத்தும் போதாது. மிஞ்சியிருப்பது இரண்டாம் குறிப்பில் கண்ட வழி. அந்த எண்ணுக்குக் காரணி இருந்தால், அது 2¹²⁷ − 1-இன் ஏதோ ஓர் இரட்டை மடங்கைவிட ஒன்று கூடியதாக இருக்க வேண்டும். சிறிய மடங்குகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கணிப்பொறிகள் வகுத்துப் பார்த்து வருகின்றன. இதுவரை பார்த்த எல்லைக்குள் காரணி எதுவும் அகப்படவில்லை. பகா எண் என்று நிறுவ இன்று யாரிடமும் வழியில்லை. பகு எண் என்று நிறுவச் சரியான ஒரு மடங்கு போதும். கணிப்பொறியும் பொறுமையும் உள்ள மாணவர்கள் இன்றிரவே அந்தத் தேடலில் சேர்ந்துகொள்ளலாம்.